சாம்பல் கேபிளின் மறுமுனை

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜை. பட்டப்பகல். இது நடந்தது. "எங்கயாவது படம் பாத்துட்டு வந்து உளர்றியா?" என்று கேட்ட என் சித்தப்பா மகனோடு இன்றுவரை எனக்குப் பேச்சு கிடையாது. இதில் வரும் நேரங்களைக்கூட நான் ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. வேலை செய்யும்போது ஒவ்வொன்றையும் நேரத்தோடு நோட்டில் குறித்துவைப்பது என் பழக்கம். அந்த நோட்டு இப்போதும் என் பையில்தான் இருக்கிறது.

என் பெயர் அசோக். அம்பத்தூரில் வீடு. கம்பெனிகளில் சர்வர் ராக் பார்த்திருப்பீர்கள். ஆள் உயர இரும்பு அலமாரி, உள்ளே கம்ப்யூட்டர் பெட்டிகள், பின்னால் நூற்றுக்கணக்கில் கேபிள். பல இடங்களில் அது இடியாப்பம் மாதிரி சிக்கிக் கிடக்கும். அதைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டி, வரிசையாகக் கட்டிவைப்பதுதான் என் தொழில். தனியாகச் செய்யும் வேலை இல்லை. ஒருவன் ராக்குக்குள் கையை விட்டிருப்பான். இன்னொருவன் மெயின் சுவிட்ச் பக்கத்தில் நிற்பான். உள்ளே கை இருக்கும்வரை வெளியே யாரும் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது. அதற்குத்தான் அந்தக் காவல்.

எனக்குக் காவல் வெங்கட்.

ஆவடி சேக்காட்டுக்காரன். அப்பா டிஃபென்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர், குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். ஏறக்குறைய இரண்டு வருஷமாக இருவரும் சேர்ந்து வேலை செய்தோம். அவன் தொழிலில் எனக்கு முன்னால் பரத் என்று ஒருவன் கூட இருந்தானாம். "அவன் துபாய் பூட்டான் மாமே, நீ வந்துடு" என்று சொல்லித்தான் வெங்கட் என்னைச் சேர்த்துக்கொண்டான். என் தங்கை கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியவன். அவனை நான் கூடப் பிறந்தவனாக நினைத்தேன். அப்படி நினைத்த என் புத்தியை என்ன சொல்ல.

ஆயுத பூஜையன்று கருவிகளைச் சாமி முன்னால் வைத்துவிட்டு யாரும் தொட மாட்டார்கள். ஆனால் கம்பெனிகள் எல்லா மெஷினையும் நிறுத்தி வைப்பதும் அந்த ஒரு நாள்தான். அதனால் எங்களை மாதிரி ஆட்களுக்கு அன்றைக்குத்தான் வேலை வரும். கேபிள் நுனியை நசுக்கிப் பொருத்தும் கிரிம்பரை, வைத்த சந்தனம் குங்குமத்தோடு அப்படியே பொட்டோடு எடுத்துப் பைக்குள் போட்டேன். அம்மா திட்டினாள். காதில் வாங்கவில்லை.

செம்பரம்பாக்கத்தில் ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய குடோன். பெயர் வேண்டாம். வாட்ச்மேன் தங்கவேல், அதே ஊர்க்காரர். குடோன் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் நெல் போட்டவர். காலை ஒன்பது மணிக்கே பூஜை முடிந்து, பொரி சுண்டல் கொடுத்துவிட்டு ஆபீஸ் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் ஆளுக்கொரு வண்டியில் போய்ச் சேர்ந்தபோது மணி 10:05. கதவு, தராசு, ஃபோர்க்லிஃப்ட் எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு. சர்வர் ராக்கின் கதவிலும் ஒன்று.

வண்டியை விட்டு இறங்கியதிலிருந்தே வெங்கட் பேசவில்லை. எப்போதும் வாய் மூடாதவன். நான் சர்வர் ரூமுக்குள் போனேன். அவன் வாசலோடு நின்றுவிட்டான்.

"நீயே ராக்கப் பாரு மச்சான். நான் சுவிட்ச்சாண்ட நிக்கிறேன்."

"உள்ள வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போயேன்டா."

"பாத்ததுதான். நீ பாரு."

பார்த்ததுதான் என்கிறானே, எப்போது பார்த்தான்? எனக்கு அந்த இடம் புதிது. கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ராக்கின் நிலைமை படுமோசம். கேபிள்களை பிளாஸ்டிக் டையால் கழுத்தை நெரிப்பதுபோல இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதைவிட மோசம் பின்பக்கம். மின்சாரம் பிரியும் பட்டையின் மூடி உடைந்துபோய், செம்பு அப்படியே வெளியே தெரிந்தது. அதற்கு இரண்டு விரல் தள்ளித்தான் கேபிள் கட்டு முழுவதும் இறங்கியது. கரண்ட் இருக்கும்போது அங்கே கையை விட்டால் திரும்ப எடுக்க முடியாது.

சுவிட்ச் ரூம் நடைபாதையின் கோடியில், நாற்பது அடி தள்ளி இருந்தது. நடுவில் இரண்டு சுவர். தகரக் கூரை என்பதால் போனில் சிக்னல் கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் நாங்கள் செய்வது ஒன்றுதான். ராக்கிலிருந்து சுவிட்ச் ரூமில் இருக்கும் மீட்டருக்கு ஒரு சாம்பல் நிறக் கேபிள் கூரை வழியாகப் போனது. அதை இரண்டு பக்கமும் கழற்றிக் கயிறாக்கிக்கொள்வோம். மறுமுனையிலிருந்து இரண்டு இழுப்பு வந்தால் சுவிட்சை அணைத்தாயிற்று என்று அர்த்தம். நான் ஒருமுறை இழுத்தால் "இருக்கியா?" பதிலுக்கு ஒன்று இழுத்தால் "இருக்கேன்." மூன்று என்றால் "போடப் போறேன், கையை எடு." அவ்வளவுதான் பாஷை.

இழுக்கத் தாராளமாக இருக்கட்டும் என்று என் பக்கம் சுமார் ஒரு மீட்டர் கேபிளைச் சுருட்டித் தொங்கவிட்டேன். வெங்கட் தங்கவேலிடம் சாவி வாங்கிக்கொண்டு நடைபாதையில் போனான். செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

10:42. இரண்டு இழுப்பு.

அதே நொடியில் எல்லா விளக்கும் அணைந்தது. சர்வர்களின் மின்விசிறிகள் முனகிக்கொண்டே நின்றன. அறை விளக்கும் அதே லைன். தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டேன். செம்புப் பட்டையில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. மறுபடியும் வைத்தேன். இல்லை. வெங்கட்டை நம்பிக் கையை உள்ளே விட்டேன்.

ஜன்னல் இல்லாத அறை. வெளியே நல்ல வெயில். உள்ளே டார்ச் காட்டும் இடம் மட்டும்தான் வெளிச்சம். பழைய டைகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். 'டிக்... டிக்...' என்று அவை தரையில் விழும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

11:15. ஒருமுறை இழுத்தேன். பதில் வந்தது.

11:45. இழுத்தேன். பதில் வந்தது. ஆனால்... கொஞ்சம் சீக்கிரமாக. கேபிளை விட்டு என் விரல் விலகுவதற்குள். வெங்கட் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அவன் போன் பார்ப்பான், பீடி பற்றவைப்பான், நான் இரண்டாவது முறை இழுத்த பிறகுதான் வெடுக்கென்று ஒரு இழுப்பு வரும். இன்றைக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று சிரித்துக்கொண்டேன்.

12:20. நான் இன்னும் இழுக்கவே இல்லை. நோட்டில் நேரத்தைக் குறித்துவிட்டுக் கேபிளை நோக்கிக் கையை நீட்டினேன். அதற்குள் ஒரு இழுப்பு வந்தது.

இருக்கேன்.

வெடுக்கென்று இல்லை. மெதுவாக, நிதானமாக. அது அவன் கையே இல்லை என்பது மாதிரி.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். நான் தொங்கவிட்ட சுருள் சிறியதாகியிருந்தது. முட்டிவரை தொங்கியது, இப்போது இடுப்பளவுக்கு ஏறியிருந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் அவன் கொஞ்சம் கேபிளைத் தன் பக்கம் எடுத்துக்கொள்கிறான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். "டேய் வெங்கட்டு! இழுக்காதடா!" என்று கத்தினேன். இரண்டு சுவர் தாண்டி அது எங்கே கேட்கப் போகிறது?

சாப்பிடப் போகவில்லை. ஐந்து மணிக்கு சர்வர் ஓடியாக வேண்டும். பொரியை வாயில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். கேபிள்களைப் பிரித்து, பத்துப் பத்தாகச் சேர்த்து, இறுக்காமல் வெல்க்ரோ பட்டியால் கட்டினேன். ராக்கின் இடதுபுறம் முழுக்க அழகாக வந்துவிட்டது. மனசுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

2:00. இழுத்தேன். பதில் வந்தது. சுருள் என் மார்புக்கு மேலே போயிருந்தது.

2:40. இழுத்தேன். பதில் இழுப்பு வந்தது... ஆனால் விடவில்லை. கேபிள் அப்படியே விறைப்பாக நின்றது. மறுமுனையில் யாரோ கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி.

டெஸ்டரை வைத்தேன். கரண்ட் இல்லை.

3:20. சுருள் தீர்ந்துவிட்டது. கூரையிலிருந்து ராக்வரைக்கும் கேபிள் தந்திபோல இழுபட்டு நின்றது. பாக்கி நாலு கட்டு. நாலுமே செம்புப் பட்டைக்குப் பின்னால். தோள்வரை கையை உள்ளே விட வேண்டும். கன்னம் இரும்பில் பட்டது. இரும்பு ஜில்லென்றிருந்தது.

ஒன்று கட்டினேன்.

இரண்டு.

3:44. கேபிள் நடுங்க ஆரம்பித்தது.

இழுப்பு இல்லை. நடுக்கம். ஒரு மூட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தவனுக்குக் கை தளரும்போது வருமே, அந்த நடுக்கம். கூரைத் தகரத்தில் கேபிள் பட்டு 'டர்ர்ர்ர்...' என்று சத்தம்.

மூன்றாவதைக் கட்டினேன்.

நடுக்கம் அதிகமானது.

"வெங்கட்டு?"

டர்ர்ர்ர்ர்...

என் விரல் செம்பில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. திடீரென்று பயம் வந்தது. எதற்கென்றே தெரியாத பயம்.

நாலாவதைக் கட்டவில்லை.

கையை உருவினேன்.

தோள் வந்தது... முழங்கை... மணிக்கட்டு... விரல்.

கதவைச் சாத்தினேன்.

3:52.

கேபிள் தொய்ந்து விழுந்தது.

டக்.

எல்லா விளக்கும் ஒரேயடியாக எரிந்தது. சர்வர்கள் உறுமின. உள்ளே, ஒரு நொடிக்கு முன்னால் என் கை இருந்த இடத்தில், 'பட்'டென்று ஒரு பொறி தெறித்தது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

மூன்று இழுப்பு வரவில்லை. கையை எடு என்று அவன் சொல்லவில்லை.

பயமெல்லாம் போய் எனக்கு வெறி வந்தது. "சொல்லாம ஏன்டா போட்ட, நாயே!" என்று கத்திக்கொண்டே நடைபாதையில் ஓடினேன். சுவிட்ச் ரூம் கதவில் பூட்டு தொங்கியது. வெளியே.

கேட்டுக்கு ஓடினேன். தங்கவேல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, வெங்கட்டு எங்க?"

"யாரு, உன் கூட்டாளியா? அவரு அப்பவே பூட்டாரே நைனா."

"எப்ப?"

"பத்தே முக்கால், பத்து அம்பது இருக்கும். சாவியக் கையில குடுத்துட்டு அவரு வண்டிய எடுத்துகினு போனாரு. மூஞ்சே சரியில்ல."

சாவி அவர் தலைக்கு மேலே ஆணியில் தொங்கியது. அன்றைக்கு அவர் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை, வேறு யாரும் கேட்டைத் தாண்டவில்லை. இருவருமாகப் போய்ப் பூட்டைத் திறந்தோம்.

உள்ளே யாருமில்லை.

மெயின் சுவிட்சான பிரேக்கரின் கைப்பிடி மேலே இருந்தது. ஆன். காலை பூஜையில் தங்கவேல் கைப்பிடியையும் பெட்டியையும் சேர்த்துப் பட்டையாகச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார். அந்தச் சந்தனம் காய்ந்து ஒரே ஏடாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. கைப்பிடியை ஒரு நூல் அசைத்திருந்தாலும் அது உடைந்து உதிர்ந்திருக்கும்.

யாரும் சுவிட்சை அணைக்கவே இல்லை. காலையிலிருந்து.

கீழே தரையில் சாம்பல் கேபிள். என் பக்கத்திலிருந்து போன அந்த ஒரு மீட்டர். வட்டமாகச் சுருட்டி, வெல்க்ரோ போட்டு, பட்டியின் நுனியை உள்ளே மடித்து விட்டிருந்தது. தொழில் தெரிந்தவன் கட்டிய கட்டு.

தங்கவேல் வாசலோடு நின்றுவிட்டார்.

"ரெண்டு வர்சம் முன்னாடி இதே பூஜைக்கு வந்த புள்ள செத்துச்சே... அதுவும் இப்டிதான் நுனிய மடிச்சி உடும். பரத்துன்னு பேரு. நீ கை வெச்ச அதே பொட்டிலதான். உன் கூட்டாளி தான அன்னிக்கும் சுவிட்ச்சாண்ட இருந்தாரு? உன்னாண்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. துபாய் என்று சொன்னான்.

அங்கிருந்து சேக்காட்டுக்கு எப்படி வண்டி ஓட்டினேன் என்று தெரியாது. வழியெல்லாம் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். போய்ச் சேரும்போது மணி 5:10. கதவைத் திறந்தது வெங்கட்தான். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கேட்டான்.

"உனக்கு ஒண்ணும் ஆவலியே?"

அந்தக் கேள்வியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சட்டையைப் பிடித்தேன். அவன் தடுக்கவில்லை.

"சுவிட்ச்ச ஆஃப் பண்ணினியா இல்லியா?"

"இல்ல."

"கேபிள இழுத்தது யாரு?"

"நான் கேபிளத் தொடவே இல்ல மச்சான். கதவத் தொறந்தேன்... உள்ள பரத் நின்னுகினு இருந்தான். முதுகக் காட்டிகினு. ஒரு கையில கேபிளு. ஒரு கை பிரேக்கர் மேல. பூட்டிகினு ஓடியாந்துட்டேன்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததையும் அப்போதுதான் சொன்னான். பரத் உள்ளே கைவிட்டிருந்தபோது இவன் டீ குடிக்கப் போயிருக்கிறான். பூஜை முடிந்ததும் எல்லா சுவிட்சையும் ஒருமுறை போட்டு எடுப்பது வழக்கம். யாரோ போட்டிருக்கிறார்கள். கேட்டவர்களிடமெல்லாம் இவன் என்ன சொன்னான் தெரியுமா? "நான் அங்கதான் இருந்தேன், அவன்தான் சிக்னலுக்கு வெயிட் பண்ணாம கைய உட்டான்." செத்தவன் தலையில் பழியைப் போட்டுவிட்டு, அவன் இடத்துக்கு என்னைக் கூட்டிவந்திருக்கிறான்.

"சரிடா, பயந்துட்ட. ஓடிட்ட. ரூம் வாசல்ல நின்னு என்னை ஒரு குரல் கூப்ட்டிருக்கலாமே? ரூமு நாப்பது அடியிலதானடா இருந்துச்சு?"

வெங்கட் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

"நீ உள்ள கீற வரைக்கும் அவன் சுவிட்ச்ச உட்டு வரமாட்டான் மச்சான். உன்னக் கூப்ட்டுனு வந்துட்டா... என் பின்னாடி வந்துடுவான்."

அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அடித்து என்ன ஆகப்போகிறது? ஐந்து மணி நேரம் என் உயிரை அடகு வைத்துவிட்டு வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறான், அவனைப் போய் நான் கூடப் பிறந்தவன் என்று நினைத்தேன்.

திரும்பி வாசலுக்கு வந்தேன். வெங்கட்டின் மனைவி மைதிலி செருப்பு விடும் இடத்தில் கையில் மெழுகுவத்தியோடு நின்றிருந்தாள். பாவம், அவளுக்கு எதுவும் தெரியாது.

"அண்ணா, நல்லவேளை வந்தீங்க. எங்க வீட்டுல மட்டும் கரண்ட் இல்ல. தெருவுல எல்லார் வீட்டுலயும் இருக்கு. மெயின் ஆன்லதான் இருக்கு, ஃபியூஸும் போகல. சுண்டலுக்குத் தேங்கா அரைச்சிட்டு இருந்தேன், மிக்ஸி அப்படியே நின்னுடுச்சு. மணி கூடப் பாத்தேன். மூணு அம்பத்திரண்டு. கொஞ்சம் பெட்டியத் தொறந்து பாக்கறீங்களா?"

"தொடாத!"

உள்ளேயிருந்து வெங்கட் கத்தினான். தெருவே திரும்பிப் பார்த்தது. காலையில் எனக்காக வராத குரல் அது. இப்போதும் எனக்காகத்தான் வந்ததா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் நான் நிற்கவில்லை.

பத்து நாள் கழித்து மைதிலி போன் செய்தாள். அழுதாள். நாலு எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டார்கள். ஒயரில் கோளாறு இல்லை, மீட்டரில் கோளாறு இல்லை.

"அவர் வெளிய போனா கரண்ட் வந்துடுதுண்ணா. வாசப்படி ஏறினா போயிடுது. அம்மா வீட்டுக்குப் போனோம், அங்கயும் அப்படியே. ராத்திரி பூரா இருட்டுல உக்காந்துட்டு எதையும் தொட மாட்டேங்கறாரு. கைய மடியில வெச்சுக்கிட்டே இருக்காரு. நீங்க அவர் ஃப்ரெண்டுதானே, ஒரு வார்த்தை வந்து பேசுங்களேன்."

நான் போகவில்லை. போக மாட்டேன். கரண்டை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வெங்கட்டுக்கே தெரியும்.

எனக்காகப் பரத் ஐந்து மணி நேரம் பத்து நிமிஷம் பிடித்திருந்தான். நான் கையை எடுக்கும்வரை.

வெங்கட்டுக்காக எவ்வளவு நேரம் பிடிப்பான் என்று எனக்குத் தெரியாது.